கடைசிக் குடிலில் சாம்பல் நோய்

பிப்ரவரி 4

காலையில் கடைசிக் குடிலின் கீழ் இலைகளில் வெள்ளைத் திட்டுகள். முகத்துக்குப் போடுகிற பவுடரைச் சிந்திவிட்டதுபோல. விரலால் துடைத்தால் போகிறது, இரண்டொரு நாளில் அதே இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாம்பல் நோய். வெள்ளரி போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் போன மாதம்தான் மருந்து அடித்தோம்.

அண்ணனிடம் சொன்னேன். வந்து பார்த்தான். "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவனுடைய மூன்று குடில்களைப் பார்க்கப் போய்விட்டான். இருக்கிற நான்கு பசுமைக்குடில்களில் மூன்று அவனுடையவை, கடைசியில் இருக்கும் சின்னது என்னுடையது.

புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது அண்ணன் அதை எனக்குக் கொடுத்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொடுத்தான்தான். மேல் ஷீட் கிழிந்து, உள்ளே பழைய டயரும் உடைந்த குழாயுமாகக் கிடந்ததைக் கொடுத்தான். ஷீட் ஒட்டியது யார், மண் சுமந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான்.

பிப்ரவரி 7

மருந்துக்கடைக்காரர் வந்தார். நீல டின், சிவப்பு டின், பச்சை டின். எப்போதும் இந்த மூன்றுதான். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் நோய்க்குப் பழகிவிடும் என்பதால் நிறம் மாற்றி மாற்றி அடிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இந்த முறை சிவப்பின் முறையாம்.

"இது வெறுமே மேல படியற மருந்து இல்லம்மா, இலைக்குள்ள போற மருந்து. நமக்கு ஊசி போட்டா உடம்பு பூரா ஓடுதில்ல, அது மாதிரி. நீங்க எங்க அடிச்சாலும் செடி பூரா போயிடும்" என்றார்.

அதை நம்பித்தான் இங்கே எல்லோரும் நடுப்பாதையில் நின்றபடி, செடியின் மேல் இலைகளில் மட்டும் அடித்துக்கொண்டே போகிறார்கள். குனிய வேண்டாம், நேரம் மிச்சம். நானும் அப்படித்தான்.

பிப்ரவரி 11

சிவப்பு டின் அடித்தாயிற்று. முதுகு வலி.

பிப்ரவரி 19

அடங்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. இலையைத் திருப்பினால் பின்பக்கமும் வெள்ளை.

சாப்பிடும்போது அண்ணன் பேச்சை எடுத்தான். "மார்ச் கடைசி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள அடங்கலன்னா உன் குடில்ல இருக்கறத மொத்தமா பிடுங்கிடலாம். இங்கேருந்து காத்துல என் மூணுக்கும் பரவும்."

"பிடுங்கிட்டு?"

"நாத்துப் பண்ணையா மாத்திக்கலாம். அண்ணிக்கு நாத்து வளக்க இடம் பத்தல. நீ பேக்கிங் பக்கம் வந்துடு, நிம்மதியா உக்காந்து பாக்கற வேலை."

நிம்மதியாம். யார் கேட்டது? அண்ணி தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. நான் முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன். பாதியில் எழுந்தால் கோபித்துக்கொண்டேன் என்று அதையும் கணக்கில் வைப்பான்.

பிப்ரவரி 20

இந்தக் குடில் போனால் நான் யார்? 'வீட்டோடு இருக்கிற தங்கச்சி.' வருகிறவர்கள் என்னைக் காட்டிக் கேட்பார்கள், அண்ணன் குரலைத் தாழ்த்திப் பதில் சொல்வான். அந்தத் தாழ்ந்த குரலை முதல் வருடம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். செடி வைத்த பிறகுதான் அது நின்றது. இப்போது கேட்டால் "அவ தனியா வெள்ளரி போடறா" என்று சாதாரணக் குரலிலேயே சொல்கிறான்.

பிடுங்க விடமாட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 24

வெள்ளை இலைகளை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பயிர் மருத்துவ நிலையத்துக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரர் டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார், பசி போலிருக்கிறது.

அங்கே இருந்த பயிர் டாக்டர் ஒரு பெண். சளி பிடித்திருந்தது. தும்மிக்கொண்டே இலையை லென்ஸில் பார்த்தார். மூன்று டின்களின் லேபிளையும் செல்போனில் படம் எடுத்துப் போயிருந்தேன், அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "இது யாரோட ஐடியா?" என்றார்.

"எது?"

"நிறம் மாத்தறது. இங்க பாருங்க, ஓரத்துல சின்னதா ஒரு நம்பர் இருக்கு. மூணு டின்லயும் 3. மூணும் ஒரே குரூப், பேரு வேறன்னாலும் வேலை ஒண்ணுதான். ஒரே போலீஸ்காரர் சட்டைய மாத்திக்கிட்டு வந்தா திருடனுக்கு அடையாளம் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. இத்தனை நாள் அந்த எண் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது.

பிறகு ஒரு காகிதத்தில் இலை படம் போட்டுச் சொன்னார். பூஞ்சை இலைக்கு மேலேதான் படுத்திருக்குமாம், ஆனால் சாப்பாட்டுக்கு மட்டும் ஆணி மாதிரி ஒன்றை இலைத்தோலின் செல்லுக்குள் இறக்கி உறிஞ்சுமாம். "நீங்க விரலால தொடச்சா மேல இருக்கறது போகும், உள்ள இறங்கின ஆணி அங்கயேதான் இருக்கும். அதனாலதான் திரும்ப வருது. அதுக்குத்தான் உள்ள போற மருந்து. உங்க 3-ம் நம்பர் என்ன பண்ணும்னா, பூஞ்சையோட செல்லுக்குச் சுத்தி ஒரு சவ்வு இருக்கில்ல, அதக் கட்ட விடாது. சிமெண்ட் போடாம செவுரு எழுப்பற மாதிரி, கட்டக் கட்ட ஒழுகிச் சாகும்."

"அப்போ ஏன் சாகல?"

"ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, நீங்க மேல மட்டும் அடிக்கறது. இந்த மருந்துக்குப் பாதை ஒருவழிப் பாதை. வேர்லேருந்து தண்ணி மேல போகுதே, அது கூடவே போகும். இலைல பட்ட எடத்துலேருந்து நுனிக்கும் ஓரத்துக்கும் போகும். கீழ எறங்காது. தலைல அடிச்சிட்டு காலுக்கு வரும்னு உக்காந்திருந்தா உக்காந்தே இருக்க வேண்டியதுதான். ரெண்டாவது, மருந்துக்குப் பணியாத பூஞ்சை உங்ககிட்ட சேந்திருக்கலாம். ஒவ்வொரு தடவ அடிக்கும்போதும் சோப்ளாங்கி சாகும், முரடன் பிழைப்பான். அடிக்க அடிக்கக் கடைசில குடில் பூரா முரடன் மட்டும்தான்."

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி சொன்னார். வேறு எண் போட்ட மருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்தார்.

அண்ணன் கேட்டதற்கு டவுனுக்குப் போனேன் என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 25

கடைக்காரரிடம் கேட்டேன். "கம்பெனி வேற, டின்னு வேற, பேரு வேறம்மா" என்றார். நம்பர்? "நம்பரெல்லாம் யாரு பாக்கறா?"

இனிமேல் நான் பார்ப்பேன் என்றேன். அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 26

மருந்தே படாத நாற்றுகளை அண்ணியிடம் வாங்கித் தொட்டியில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பெரிய இலையாகப் பார்த்து, இலையின் நடுவில் குறுக்காக விரல் அகலத்துக்கு மருந்தைப் பிரஷ்ஷால் பட்டையாகத் தீட்டினேன், வேட்டிக்குக் கரை போடுவதுபோல. சில இலைகளுக்கு நீல டின். சிலவற்றுக்கு டாக்டர் கொடுத்த மருந்து. நாளைக்கு நோய் பிடித்த இலையை மேலே தட்டி வெள்ளைத் தூளை விழவைக்க வேண்டும்.

என் குடில் தூள் விழுகிற தொட்டிகள் சமையலறை ஜன்னலில். அண்ணனுடைய முதல் குடிலிலும் கொஞ்சம் வெள்ளை இருக்கிறது, அந்தத் தூளுக்கு என் படுக்கையறை ஜன்னல். இரண்டும் கலந்தால் எல்லாம் வீண்.

அண்ணி பார்த்துவிட்டு, "செடிக்கு நெயில் பாலிஷா? நமக்குப் போட்டுக்கவே நேரம் இல்ல" என்றார். ஆனால் அடுப்பு ஆவி படாமல் தொட்டியைத் தள்ளி வைத்தது அவர்தான்.

மார்ச் 2

ஒன்றும் தெரியவில்லை. காத்திருப்பதற்கும் எனக்கும் ஆகாது.

மார்ச் 6

தெரிந்துவிட்டது.

படுக்கையறை ஜன்னல், அண்ணன் குடில் தூள், நீல டின்: பட்டையிலிருந்து நுனி வரை சுத்தமான பச்சை. பட்டையிலிருந்து காம்பு வரை வெள்ளை. கத்தியால் வெட்டியதுபோல ஒரு கோடு. டாக்டர் சொன்ன ஒருவழிப் பாதையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். கீழே ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. ஊசி மாதிரியாம் ஊசி.

சமையலறை ஜன்னல், என் குடில் தூள், டாக்டர் மருந்து: அதேபோல நுனி பச்சை, காம்புப் பக்கம் வெள்ளை.

அதே ஜன்னல், என் குடில் தூள், நீல டின்: நுனி, நடு, காம்பு எல்லாம் வெள்ளை. பட்டை தீட்டிய இடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆக, முரடன் என் குடிலில் மட்டும்தான். ஏன்? ஒரே டின், ஒரே நாள், ஒரே மாதிரிதான் அடிக்கிறோம். என் குடிலில் மட்டும் எப்படி?

மார்ச் 7

டாக்டருக்குப் போன் செய்தேன். சளி குணமாகிவிட்டது, குரல் இன்னும் கறாராக இருந்தது.

"உங்க குடில்ல மட்டும் எத்தன தடவ அடிக்கறீங்க?"

"மத்ததுல அடிக்கற மாதிரிதான் மேடம்."

"செடி எப்படி இருக்கு? கணு கணுவா நெருக்கமா, குட்டையா, இலை கரும்பச்சையா தடிச்சு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் குடிலில் கொடி மேலே கட்டிய கம்பியைத் தொட்டுவிட்டது, என்னுடையது தோளுக்கே வரவில்லை. கடைசிக் குடிலில் வெயில் குறைவு, அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

"அது அந்த மருந்து அளவுக்கு மேல போனா வர்ற கோளாறு. செடியோட வளர்த்தியப் பிடிச்சு நிறுத்திடும். நீங்க சொல்ற கணக்கும் செடி சொல்ற கணக்கும் ஒத்து வரல. யாரோ சேத்து அடிக்கறாங்க" என்றார்.

யாரோ.

மார்ச் 9

விடியும்போது போனேன். இந்த நேரத்தில் நான் போவதில்லை, வெயில் ஏறிய பிறகுதான் வேலை தொடங்குவேன். சில நாள் நான் வரும்போது இலைகள் ஈரமாக இருக்கும், பனி என்று நினைத்துக்கொள்வேன்.

உள்ளே அண்ணன். முதுகில் மருந்து டேங்க்.

"என்ன பண்றே?"

"நீ ஏன் இவ்ளோ சீக்கிரம் எழுந்தே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

கைப்பிடியை விட்டான். "உன் செடிக்குத்தான். கொஞ்சம் சேத்து, நடுவுல நடுவுல அடிச்சு விடறேன். அடங்கணும்ல."

"எப்பலேருந்து?"

"போன வெள்ளரிலேருந்து. அப்ப வெள்ளை வந்துச்சுன்னு நீ இங்க உக்காந்து அழுதியே."

நான் அழவில்லை. கண்ணில் கந்தகத் தூள் விழுந்தது. சரி, அழுதேன். அதற்காக?

போன சாகுபடியிலிருந்து. இத்தனை மாதமாக எனக்குத் தெரியாமல் வந்து, அளவுக்கு மேல் கலந்து, அதே 3-ம் நம்பரை, மேல் இலையில் மட்டும். கீழே இருந்த முரடனுக்கு இவனே சோறு போட்டு வளர்த்திருக்கிறான். அப்புறம் மேசையில் உட்கார்ந்து மார்ச் கடைசி என்று கெடு வைக்கிறான்.

அதைவிடப் பெரியது பிறகுதான் உறைத்தது. மருந்து அடித்தால் இத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. நான் பறித்திருக்கிறேன். வெறும் கையால், அந்த ஈர இலைகளுக்குள். பறித்து விற்றிருக்கிறேன். எந்தெந்த வீட்டிலோ தோலோடு நறுக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

"காய் பறிக்கறேன்னு தெரியும்ல உனக்கு?"

"கழுவித்தானே சாப்பிடுவாங்க."

"உள்ள போற மருந்துண்ணா. உள்ள போனத எப்படிக் கழுவுவாங்க?"

டேங்கின் வாரை இழுத்து விட்டுக்கொண்டான்.

கத்தினேன். ஆமாம், கத்தினேன். உனக்கு யார் சொன்னது, யாரைக் கேட்டே, மாப்பிள்ளை பார்த்தப்பவும் கேக்கல, அங்கேருந்து கூட்டிட்டு வந்தப்பவும் கேக்கல, பெட்டிய நீயே கட்டி நீயே ஆட்டோல ஏத்தினே. எல்லாம் என் நல்லதுக்குத்தான், தெரியும். நல்லதுதான் பண்ணினே. ஒரு தடவயாவது என்னைக் கேட்டுப் பண்ணினியா?

டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான். வாசலில் நின்று, "அப்ப நீயே பாத்துக்க. மார்ச் கடைசி, அதுல மாத்தம் இல்ல" என்றான்.

பாத்துக்கறேன்.

மார்ச் 9, பிற்பகல்

காய்கறிக்கடைக்குப் போன் செய்து நேற்று அனுப்பியதை விற்க வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன். மறைக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. இனி என் காயை வாங்குவாரா தெரியாது. இன்று பறிக்க இருந்ததையும் பிஞ்சுகளையும் வெட்டிக் குழியில் போட்டு மூடினேன்.

மார்ச் 10

குடிலுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். பெரிய பூட்டு. தேவைக்கு மேல் பெரியது. தூரத்திலிருந்தே தெரியட்டும்.

மார்ச் 12

அண்ணன் பேசுவதில்லை. நானும்தான்.

மார்ச் 13

அண்ணி குடில் வாசல் வரை வந்து பூட்டைத் தூக்கிப் பார்த்தார். "கூடப் பொறந்தவனுக்குப் பூட்டு போடற அளவுக்கு ஆயிடுச்சா?"

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி, அவன் விடியக்காலைல இங்க வந்தது?"

"பக்கத்துல படுத்திருக்கறவ, எழுந்து போறது தெரியாதா?" பூட்டைக் கீழே விட்டார். "தங்கச்சி மேல பாசம்னு நெனச்சேன். பாசம்தான். இந்தக் குடில எனக்கு நாத்துப் பண்ணையாக்கித் தர்றேன்னாரே, அதுவும் பாசம்தான். எனக்கு வேணுமான்னு இன்னிக்கு வரைக்கும் என்னையும் கேக்கல."

"வேணுமா?"

"நாத்துக்கு இங்க வெயில் பத்தாதும்மா. ஒரு தடவ கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. அவர்தான் குடிலைக் கேட்டிருப்பார் என்று அண்ணிமேல் எனக்கு இருந்த சந்தேகத்துக்கு வெட்கப்பட்டேன்.

மார்ச் 15

கீழ் இலைகள் எல்லாவற்றையும் கிள்ளினேன். வெள்ளை ஏறியது, பாதி ஏறியது, தாட்சண்யமே இல்லாமல். கிள்ளும்போதே தூள் பறக்காமல் சாக்கில் போட்டுக் கட்டி, தூரத்தில் புதைத்தேன். செடிகள் மொட்டையாக நிற்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் காற்று இப்போது கீழேயும் புகுந்து போகிறது.

பிறகு டாக்டர் சொன்ன வேறு எண் மருந்து. லேபிளில் போட்ட அளவுக்கு ஒரு சொட்டுக்கூட அதிகமில்லை. குனிந்து, மண்டியிட்டு, கீழ்க் கணுவிலிருந்து மேலே, இலையின் முதுகில் படும்படி அடித்துக்கொண்டு போனேன். மருந்து மேலேதான் ஏறும் என்றால் நான் கீழேயிருந்து தொடங்குகிறேன், அதற்கென்ன. முட்டி தோலுரிந்துவிட்டது. கையுறை, முகமூடி, எல்லாம் போட்டு, வேர்த்து ஒழுகி, ஒரு வரிசைகூட விடவில்லை.

இந்த எண்ணையும் தொடர்ந்து அடிக்கக்கூடாது. அடுத்த முறை வேறு. முரடனுக்கு என்னை அடையாளம் தெரியவிடப் போவதில்லை.

மார்ச் 18

பழைய இலையில் வெள்ளை இருந்த இடம் பழுப்பாகிவிட்டது, பச்சையாகத் திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து இனி வருவதைத்தான் தடுக்கும், போன இலை போனதுதான். சரி. எனக்கும் போனது திரும்ப வேண்டாம்.

மார்ச் 22

புது இலைகள் வந்திருக்கின்றன. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தம். கணுக்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருக்கிறது, செடி நீள ஆரம்பித்துவிட்டது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அண்ணன் அந்தப் பக்கமாகக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனான். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 25

மூன்றாவது வரிசையில் ஒரு புது இலையில் வெள்ளைப் பொட்டு. முடிந்ததா எல்லாம்?

டாக்டர், "பயப்படாதீங்க, அந்த இலைய எடுத்துடுங்க, நனையும் கந்தகம்னு கிடைக்கும், தண்ணில கலந்து மேலோட்டமா அடிங்க. கந்தகத்துக்குப் பூஞ்சை சுலபமா பழகாது. வெயில் ஏறினப்புறம் அடிச்சா இலை வெந்துடும், ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார். நாளைக்குக் காலைக் குளிரில் அடிக்கிறேன்.

பிடுங்கச் சொல்லி யாராவது வந்தால் அவர்களைப் பிடுங்கிப் போட்டுவிடுவேன், அந்த மனநிலையில் இருக்கிறேன்.

மார்ச் 28

புதுப் பொட்டு இல்லை. கொடிகள் கம்பியைத் தொட்டுவிட்டன. பூ வைக்கிறது.

காய்கறிக்கடைக்காரர் அவராகவே கூப்பிட்டார். "எப்ப பறிப்பீங்க?" என்றார். டின்னில் போட்ட நாட்கள் கழிந்து, இப்போதைய பூ காயான பிறகுதான் என்றேன். "சரி, சொல்லுங்க, வெயிட் பண்றேன்" என்றார். போனை வைத்துவிட்டுப் பூக்களை எண்ணத் தொடங்கினேன்.

மார்ச் 31

இன்று கடைசி நாள். காலையிலேயே கதவை அகலத் திறந்து வைத்தேன். வரட்டும், பார்க்கட்டும், பிறகு பேசட்டும் என்று வாசகமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாசகங்கள். பாதி திட்டு.

பத்து மணி இருக்கும், கொடியைக் கம்பியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தான். கையில் டின் இல்லை, கத்தி இல்லை. ஒரு வெள்ளை இலை மட்டும். அவனுடைய இரண்டாவது குடில் இலை, அங்கே மேல் கம்பி வரை ஏறிவிட்டதாம். அண்ணி முந்தாநாளே என் காதில் போட்டுவிட்டார்.

கதவு திறந்தேதான் இருந்தது. அவன் வெளியே நின்றான். என் செடிகளை நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தான், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை.

"உள்ள வரலாமா?"

தயார் செய்து வைத்த வாசகம் ஒன்றுகூட வரவில்லை.

"இருண்ணா, இந்த வரிசை முடியட்டும்" என்றேன்.

வெயிலில் நின்றான். நான் அவசரப்படாமல் கடைசிக் கொடி வரை கட்டிவிட்டு வந்தேன்.